பழைய தாளில் நம் பேச்சு



ஒரு செய்தித்தாள் ஒரு லயத்தில் எத்தனை பேருக்குப் பயன்பட்டது என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். வாங்குபவர் ஒருவராக இருப்பார். அவர் கிராணியாகவோ, பள்ளி வாத்தியாராகவோ, கொஞ்சம் படித்த மண்டோராகவோ இருப்பார். மாலையில் அந்தத் தாள் கைமாறும். எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிப்பார். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். வாசித்து முடிந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கும். “இவன் சொல்வது சரியா?” என்று ஒருவர் கேட்பார். “எப்படிச் சரியாகும்?” என்று மற்றொருவர் எழுவார். மறுநாள் பெரட்டுக் களத்தில்கூட அந்தப் பேச்சு தொடரும். சில வேளைகளில், கேட்டவர்களுள் ஒருவர் வாத்தியாரிடம் வந்து, “நம் கருத்தையும் எழுதிப் போடுங்கள், ஐயா” என்பார்.

லயத்தில் பேசிய பேச்சு காற்றோடு போய்விட்டது. தாளில் ஏறிய பேச்சு அப்படிப் போய்விடவில்லை. அது எங்கோ இருக்கிறது. எங்கே இருக்கிறது, அதை எப்படித் தேடி எடுப்பது, தேடுவதற்கு இன்று என்ன புதுப் பழக்கங்களைக் கற்க வேண்டியிருக்கிறது என்பதைத்தான் நாம் இன்று பார்க்கப் போகிறோம். இது வெறும் பொழுதுபோக்கு அன்று. நம் முன்னோர் என்ன கேட்டார்கள், எதை எதிர்த்தார்கள், எதற்காகக் காசு சேர்த்தார்கள் என்பதற்கு அந்தத் தாள்களை விட நெருங்கிய சாட்சி நமக்குக் குறைவு. தோட்ட நிருவாகத்தின் கணக்குப் புத்தகத்தில் நம் பாட்டன் ஒரு பெயராகவும் ஒரு நாள் கூலியாகவும் மட்டுமே இருப்பார். அவர் நினைத்தது அதில் இராது.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் அச்சேறியது நாம் எண்ணுவதைவிட முன்னதாகவே. 1887-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் ‘சிங்கை நேசன்’ என்னும் வார இதழ் தொடங்கியது. மகதூம் சாயபு என்பவர் அதன் ஆசிரியர். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நடந்த அந்த இதழில் வணிகச் செய்தியும் ஊர்ச் செய்தியும் பாட்டும் இருந்தன. ஆயினும் அது பெரும்பாலும் பட்டணத்தாரின் இதழ். தோட்டத்துக்கு எட்டியது குறைவு என்றே கொள்ளலாம். தோட்டத்து வாழ்க்கையோடு நெருங்கிய தாள்கள் பின்னர் வந்தவை. 1924-இல் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் ‘தமிழ் நேசன்’ இதழைத் தொடங்கினார். 1935-இல் சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ பிறந்தது, கோ. சாரங்கபாணியின் பெயரோடு அது பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்டது. நேசன் ஒரு பக்கம், முரசு ஒரு பக்கம் என்று வீட்டுக்கு வீடு கட்சி பிரிந்து பேசிய காலம் ஒன்று இருந்தது. இன்றுள்ள இளைஞர்கள் காற்பந்துக் குழுக்களுக்காகச் சண்டை இடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இனி, கிள்ளான் வட்டாரத்துக்கு வருவோம். 1941-ஆம் ஆண்டு. ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்தது. ரப்பருக்குத் தேவை மிகுதியாக இருந்தது. விலை ஏறியது, கூலி ஏறவில்லை. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் சார்பில் தோட்டத் தொழிலாளர்களைத் திரட்டியவர்களுள் முதன்மையானவர் ஆர். எச். நாதன். இவர் ஒரு செய்தித்தாள்காரர். தமிழ் நேசனில் துணையாசிரியராகப் பணியாற்றியவர். இதை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தாளும் தோட்டமும் வெவ்வேறு உலகங்களாக இருக்கவில்லை. எழுதுகிறவரே வந்து பேசினார். பேசியவர்களின் குறைகள் ஒரு கோரிக்கைப் பட்டியலாயின.

அந்தப் பட்டியலைப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும் என்பது அதில் ஒன்று. பத்து மணி, பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழிக்க வேண்டும். கொடுமை செய்யும் அலுவலர்களை நீக்கித் தமிழ் தெரிந்தவர்களை அமர்த்த வேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும். தக்க மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். சங்கம் அமைக்க உரிமை வேண்டும். இவற்றோடு இன்னொன்று இருந்தது. துரையோ அவருடைய அலுவலரோ எதிரே வந்தால், தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது அது.

இந்தக் கடைசிக் கோரிக்கையைக் கேட்டுச் சிலர் சிரிக்கக்கூடும். கூலி, மருந்து, வேலை நேரம் என்ற பெரிய காரியங்களுக்கு நடுவே சைக்கிள் எதற்கு? ஆனால், காலமெல்லாம் மிச்சம் பிடித்து ஒரு சைக்கிள் வாங்கியவனுக்கு, அதில் ஏறி உட்கார்ந்தபடியே போவது என்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எண்ணிப் பாருங்கள். கூலியைக் கூட்டிக் கேட்டவன் வயிற்றுக்காகக் கேட்டான். சைக்கிளில் இருந்து இறங்க மாட்டேன் என்றவன் தலைநிமிர்வுக்காகக் கேட்டான். இந்த இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதத் தோன்றியதே, அந்தப் பட்டியல் எங்கோ உட்கார்ந்திருந்த தலைவர் ஒருவர் தனியாக எழுதியதாக இருக்க முடியாது என்பதைக் காட்டுகிறது. லயத்து வாசலில் பேசிய பேச்சு அதில் கேட்கிறது.

வாத்தியார்களாகிய எங்கள் கண்ணில் முதலில் படுவது வேறொரு வரி. பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்றும் அதே பட்டியல் கேட்டது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்லியிருந்தது. சட்டத்தின்படி பள்ளி இருந்தது. ஆனால் பல தோட்டங்களில் அது ஒரு கொட்டகை, கற்பித்தவர் ஒரு கிராணி அல்லது ஒரு கங்காணி. ‘பள்ளி வேண்டும்’ என்று கேட்காமல் ‘முறையான கல்வி வேண்டும்’ என்று கேட்டதில் இருக்கும் நுட்பத்தைக் கவனியுங்கள்.

அந்தப் போராட்டம் நல்லபடியாக முடியவில்லை. 1941 மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தோட்டம் தோட்டமாக வேலை நிறுத்தம் பரவியது. மே 16-ஆம் நாள் சிலாங்கூரில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது, இராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர்கள் போயின. நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஜப்பானியர் மலாயாவில் இறங்கிவிட்டார்கள். அதன் பிறகு சயாம் மரண ரயில், பஞ்சம், நோய். வேலை நிறுத்தம் செய்தவர்களுள் எத்தனை பேர் 1945-இல் உயிரோடு இருந்தார்கள், யார் யாருக்குச் சொன்னார்கள்? இந்த வரலாறு நம் வீடுகளில் அறுந்து போனதற்கு இந்த இடைவெளி ஒரு பெரிய காரணம். வீட்டில் அறுந்தது ஏட்டில் இருக்கிறது.

போருக்குப் பின்வந்த இன்னொரு விவாதத்தையும் சொல்லாமல் விட முடியாது. 1949-இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் அமைந்தது. அதில் இந்திய இயல் துறை தொடங்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்தபோது, சோழர் வரலாற்றை எழுதிய பேரறிஞர் நீலகண்ட சாஸ்திரியாரிடம் ஆலோசனை கேட்டார்கள். அவருடைய பரிந்துரை வடமொழிக்கு முதன்மை தருவதாக இருந்தது. அவர் புலமையில் நமக்கு ஐயமில்லை. சோழர்களைப் பற்றி நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதில் பெரும்பகுதி அவருடைய உழைப்பால் தெரிய வந்ததே. ஆனால் மலாயாவில் வாழ்ந்த இந்தியர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களுடைய பிள்ளைகள் நாளைக்குப் படிக்கப் போகும் துறை இது. ஆகவே, தமிழ் முதன்மை பெற வேண்டும் என்ற குரல் எழுந்தது. தமிழ் முரசு அந்தக் குரலுக்குத் தலைமை ஏற்றது.

குரல் மட்டும் போதாது என்று சாரங்கபாணி உணர்ந்தார். பல்கலைக்கழகத்தில் தமிழ் நூலகம் அமைக்க ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டப்பட்டது. வணிகர்களிடம் மட்டும் போய்க் கேட்காமல், பொதுமக்களிடம் கேட்டார்கள். ஒரு வெள்ளி கொடுத்தவர்களும் உண்டு. தோட்டத் தொழிலாளர்களும் கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்தின் வாசலைக்கூடக் காணாதவர்கள், அங்கே வைக்கப் போகும் புத்தகங்களுக்காகக் காசு கொடுத்தார்கள். ஒரு வெள்ளி என்பது அன்றைய கூலியில் சிறிய தொகை அன்று.

1956-இல் இந்திய இயல் துறை தொடங்கியது. தமிழ் அதில் முதன்மை பெற்றது. 1959-இல் அத்துறை கோலாலம்பூருக்கு வந்தது. 1961-இல் தனிநாயக அடிகள் அதன் தலைமையை ஏற்றார். 1966 ஏப்ரலில் முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்ததே, அதற்கு அடித்தளம் இந்தத் துறைதான். பந்தாய் பக்கமாகப் பேருந்தில் போகும்போது பல்கலைக்கழகத்தைக் காண்கிறவர்கள், அங்குள்ள தமிழ்ப் புத்தகங்களுள் ஒரு பங்கு நம் லயத்துக் காசில் தொடங்கியது என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இவ்வளவு பெரிய விவாதங்கள்தாம் தாளில் நடந்தன என்று எண்ண வேண்டாம். 1950, 1951-ஆம் ஆண்டுகளில் தமிழ் நேசனின் ஞாயிறு இதழில் ‘கதை வகுப்பு’ என்று ஒன்று நடந்தது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதை நடத்தினார்கள். கதை எழுத விரும்புகிறவர்களுக்குத் தாள் வழியாகவே பாடம். எழுதி அனுப்பியதைப் படித்துக் குறைநிறை சொல்லுதல். வாத்தியார் ஓரிடம், மாணவர் நாடெங்கும். அதில் பயின்ற பலர் பின்னர் மலேசியத் தமிழ் எழுத்தில் பேர் பெற்றார்கள். 1952-இல் தமிழ்நாட்டிலிருந்து எழுத்தாளர் கு. அழகிரிசாமி தமிழ் நேசனுக்கு ஆசிரியராக வந்து, 1957 வரை கோலாலம்பூரில் இருந்தார். அவரைச் சுற்றி இலக்கியப் பேச்சும் விமரிசனமும் வளர்ந்தன. ஒன்றை மட்டும் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தப் பக்கங்களில் பெண்களின் குரல் குறைவு. பாதிக்கு மேற்பட்ட பால் மரங்களைப் பெண்களே வெட்டிய தோட்டங்கள் உண்டு. தாளில் எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஆகவே தாளில் இல்லாத பாதியை வீட்டுப் பாட்டிமாரிடம் கேட்டுத்தான் நிரப்ப வேண்டும்.

இந்தத் தாள்கள் எல்லாம் எங்கே போயின? கறையான் தின்றது கொஞ்சம். வெள்ளம் கொண்டது கொஞ்சம். அடுப்பெரிக்கவும் அலமாரியில் விரிக்கவும் பயன்பட்டது மிச்சம். செய்தித்தாள் அச்சிடும் தாள் மலிவான மரக்கூழில் செய்யப்படுவது. காற்றும் வெளிச்சமும் பட்டால் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, தொட்டால் உதிரும். அதற்குமேல், தோட்டங்களே மறைந்தன. இன்றைய ஷா ஆலம் நகரம் சுங்கை ரெங்கம் தோட்டம் இருந்த இடத்தில் எழுந்தது. புத்ராஜெயா இருக்கும் இடத்தில் பிராங் பெசார் தோட்டம் இருந்தது. லயம் உடைந்து குடும்பங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு மாறும்போது, சாமி படமும் பாத்திரமும் வண்டியில் ஏறும். பழைய தாள் கட்டு ஏறாது. தமிழ் நேசனும் 2019 ஜனவரி இறுதியோடு நின்றுவிட்டது. தொண்ணூற்று நான்கு ஆண்டுப் பேச்சு அதில் இருக்கிறது.

இப்படி அழிந்துகொண்டிருந்ததைத் தேடிச் சேர்த்த ஒருவரை இங்கே சொல்ல வேண்டும். கிள்ளானை அடுத்த கேரித் தீவில் 1937-இல் பிறந்தவர் முரசு நெடுமாறன். தோட்டத்துப் பிள்ளை, பின்னாளில் பள்ளி ஆசிரியர், கவிஞர். இந்த நாட்டில் வெளிவந்த தமிழ்க் கவிதைகளை அவர் பல ஆண்டுகளாகத் தேடித் தொகுத்தார். அந்தக் கவிதைகளுள் பெரும்பாலானவை நூலாக வராதவை. செய்தித்தாளிலும் மலரிலும் ஒருநாள் அச்சாகி, மறுநாள் மறக்கப்பட்டவை. 1887 முதல் 1987 வரை நூறாண்டுக் கவிதைகளைக் கொண்ட ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ 1997-இல் வெளிவந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட பெரிய நூல். பல்கலைக்கழகமோ அரசாங்கமோ செய்ய வேண்டிய வேலையை ஒரு பள்ளி ஆசிரியர் செய்தார் என்பதில் எங்களைப் போன்றவர்களுக்குப் பெருமை. அவர் செய்ய வேண்டி வந்ததே என்பதில் வருத்தமும் உண்டு.

சரி, உங்கள் வீட்டில் ஒருவர் இன்று பழைய விவாதம் ஒன்றைத் தேட விரும்பினால் என்ன செய்வது?

முதலில் ஆண்டைப் பிடியுங்கள். “தாத்தா காலத்தில்” என்று போனால் நூலகர் ஒன்றும் செய்ய முடியாது. “ஜப்பான்காரன் வருவதற்கு முந்தின வருசம்”, “மெர்டேக்காவுக்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு மொட்டை அடித்த வருசம்” என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதைக் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் கணக்கு 1940. இரண்டாவது 1958-ஐ ஒட்டி வரும். பிள்ளையின் பிறப்புப் பத்திரம், சிவப்பு அடையாள அட்டை எடுத்த ஆண்டு, தோட்டம் விற்பனையான ஆண்டு ஆகியவை எல்லாம் இதற்கு உதவும்.

அடுத்தது, அன்றைய பெயர்கள். இன்று கிள்ளான் துறைமுகம் என்கிறோம்; 1972-க்கு முன் அது போர்ட் சுவெட்டன்ஹாம். பழைய தாளில் ‘கிள்ளான் துறைமுகம்’ என்று தேடினால் ஒன்றும் அகப்படாமல் போகலாம். பிரிக்பீல்ட்ஸ் என்ற ஒரே பெயரைப் பிரிக்பீல்ட், பிரிக்பீல்டு, பிரிக்ஃபீல்ட்ஸ் என்று ஆளுக்கு ஒருவிதமாக எழுதினார்கள். மலேசியா என்ற பெயர் 1963-இல் வந்தது. அதற்கு முன் மலாயா. தொழிலாளி என்று நாம் சொல்வதை அன்றைய தாள் கூலி என்றும், கூலியாட்கள் என்றும் எழுதியிருக்கும். அந்தச் சொல் நமக்குக் கசப்பாக இருக்கலாம். தேடும்போது அதையும் தேடத்தான் வேண்டும்.

எழுத்தின் வடிவமும் தடையாக நிற்கும். இன்றைய பிள்ளைகள் பழைய தாளைக் கண்டால், “இது என்ன எழுத்து, சார்?” என்று கேட்கிறார்கள். அன்று ‘லை’ எழுதும்போது ஐகாரக் குறி முன்னால் நிற்காமல், எழுத்தின் தலைமேல் யானைத் துதிக்கை போல் வளைந்து நிற்கும். ணை, ளை, னை ஆகியவையும் அப்படியே. ணா, றா, னா ஆகிய மூன்றுக்கும் தனியாகக் கால் கிடையாது. எழுத்தே கீழே சுழிந்துகொள்ளும். இவற்றின் ஒகர ஓகார வடிவங்களையும் சேர்த்தால் மாறிய எழுத்துகள் மொத்தம் 13. பெரியார் 1935-இல் தம் குடி அரசு இதழில் இந்தச் சீர்திருத்தத்தைக் கையாளத் தொடங்கினார். தமிழ்நாட்டு அரசு 1978 அக்டோபரில் ஆணை பிறப்பித்து ஏற்றது. பின்னர் நம் நாட்டுப் பள்ளிப் புத்தகங்களும் சிங்கப்பூர்ப் பள்ளிப் புத்தகங்களும் அவ்வழியே வந்தன. அந்த மாற்றத்தின்போது பெரியவர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. கையெழுத்தில் துதிக்கையை விட முடியாமல் ஓய்வு பெறும்வரை எழுதிய ஆசிரியர்களை நாங்கள் அறிவோம். அவர்களே இன்று பழைய தாளை வாசிக்கச் சிறந்த துணை. பாட்டனுக்குப் பக்கத்தில் பேரனை உட்கார வைத்து ஒரு பக்கத்தை வாசிக்கச் செய்தால், அரை மணி நேரத்தில் அந்த 13 எழுத்தும் பிடிபட்டுவிடும்.

தாள் எங்கே கிடைக்கும்? கோலாலம்பூரில் தேசிய நூலகம் இருக்கிறது. 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாட்டில் அச்சாகும் நூல்களின், இதழ்களின் படிகளை அங்கே ஒப்படைக்க வேண்டும். மலாயாப் பல்கலைக்கழக நூலகத்திலும் கேட்கலாம். பழைய தாள்களை நுண்படமாக எடுத்து வைப்பது நூலகங்களின் வழக்கம். சுருளைப் பொறியில் மாட்டிச் சுழற்றினால் பக்கம் பக்கமாகத் திரையில் ஓடும். சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் இன்னும் ஒரு படி மேலே சென்று, பழைய தாள்களைப் படம் பிடித்து இணையத்தில் வைத்திருக்கிறது. சிங்கை நேசனும் தமிழ் முரசின் பழைய இதழ்களும் அங்கே உள்ளன. அன்றைய ஆங்கிலத் தாள்களான ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், மலாயா டிரிபியூன் ஆகியவையும் உள்ளன.

இதில் ஒரு நடைமுறைச் செய்தி. ஆங்கிலத் தாளில் ஒரு சொல்லைக் கொடுத்தால் பொறி தேடிக் கொடுத்துவிடும். தமிழில், பழைய அச்சையும் பழைய எழுத்தையும் வாசிக்கப் பொறி தடுமாறுகிறது. துதிக்கை நம் பிள்ளைகளை மட்டும் திணறடிக்கவில்லை. ஆகவே தமிழ்த் தாளில் நாளைத் தேர்ந்து, பக்கங்களை வரிசையாகத் திறந்து பார்ப்பதே நம்பகமான வழி. முதலில் ஆங்கிலத் தாளில் தேடி நாளைக் கண்டுகொண்டு, பிறகு அதே வாரத்துத் தமிழ்த் தாளைத் திறக்கலாம். 1941 மே மாதத்துக்கு இப்படிச் செய்து பாருங்கள். ஒரே நிகழ்ச்சியை முதலாளிமார் வாசிக்கும் தாள் எப்படி எழுதியது, தொழிலாளர் பக்கம் நின்றவர்கள் எப்படிச் சொன்னார்கள் என்பதை ஒப்பிடலாம். ஒன்றில் ‘கலகம்’ என்று இருப்பது மற்றொன்றில் ‘கோரிக்கை’ என்று இருந்தால், இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழில் தேடுவதற்குத் தமிழில் தட்டத் தெரிய வேண்டுமே என்று கேட்பீர்கள். அதற்கும் கிள்ளான் பக்கத்திலேயே விடை பிறந்தது. முன்பு சொன்ன முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன், 1980-களின் நடுவிலேயே கணினியில் தமிழ் எழுதுவதற்கான மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். அதுவே முரசு அஞ்சல் என்று பெயர் பெற்றது. 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டைத் தொடர்ந்து ‘தமிழ் 99’ என்ற விசைப்பலகை அமைப்பு வந்தது. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே கூடியது. 2005-இல் கைத்தொலைபேசிக்குச் செல்லினம் வந்தது. தந்தை பழைய பேச்சைத் தேடித் தொகுத்தார். மகன் புதிய பேச்சைப் பதிக்கக் கருவி செய்தார். கேரித் தீவு என்றால் செம்பனையும் நண்டும் மட்டுமே நினைவுக்கு வருகிறவர்கள் இதையும் நினைவில் வைக்கலாம்.

இரண்டு வழிகளில் தட்டலாம். ஒன்று, தமிழ் எழுத்து விசைகளைக் கொண்டு நேராகத் தட்டுவது. அதுதான் தமிழ் 99. அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். மற்றொன்று, ஆங்கில எழுத்துகளைக் கொண்டு ஒலிப்படி தட்டுவது. அதற்கு அஞ்சல் முறை என்று பெயர். பள்ளியில் ஆங்கிலம் படித்த பிள்ளைகளுக்கு இரண்டாவது எளிது. தமிழ் மட்டும் எழுதத் தெரிந்த தாய்மாருக்கு முதலாவது எளிது என்பது எங்கள் கருத்து. பிள்ளைகள், “அம்மா, உங்களுக்கு இது வராது” என்று கருவியைப் பிடுங்கிக்கொள்வதைப் பல வீடுகளில் காண்கிறோம். கணக்குப் பார்த்தால், பால் மரத்தில் நூலிழை பிசகாமல் பட்டை சீவிய கை அது. விசை தட்டுவதற்கு அந்தக் கைக்கு ஒரு வாரம் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து சொற்கள் போதும். முதலில் தோட்டத்தின் பெயர், அடுத்து ஊர்ப் பெயர், பிறகு குடும்பத்தாரின் பெயர்கள் என்று தட்டிப் பழகினால் தேடுவதற்கு வேண்டிய சொற்கள் தாமாகவே கையில் வந்துவிடும்.

இன்னும் ஒன்று. உங்கள் வீட்டுப் பெட்டியிலோ, சாமி அலமாரியின் அடியிலோ, தாள் நறுக்கு ஏதேனும் இருக்கலாம். யாரோ எழுதிய கடிதமாக இருக்கலாம், தோட்டத்துத் திருவிழாச் செய்தியாக இருக்கலாம், பள்ளி விளையாட்டுப் போட்டியாகவும் இருக்கலாம். மடிப்பை வலிந்து பிரிக்காதீர்கள். ஒட்டு நாடா ஒட்டாதீர்கள், அதன் பசை சில ஆண்டுகளில் தாளைத் தின்றுவிடும். வெளிச்சம் படும் இடத்தில் வைத்துக் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நறுக்கைத் தனியாக ஓர் உறையில் போட்டு வையுங்கள். எந்தத் தாள், எந்த நாள், அதில் வரும் ஆள் நமக்கு என்ன முறை என்பதை வீட்டுப் பெரியவரிடம் கேட்டு, அவர் சொன்னதை அந்த உறையின் மேல் எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை உள்ளே ஊறிப் பழைய தாளில் பரவிவிடும்.